மாசுபட்ட மாதிரி

கோவில்பட்டிப் பள்ளிகளுக்குக் காலைச் சாப்பாடு செய்து அனுப்பும் பொதுச் சமையற்கூடத்தின் கதவு, ஒரு திங்கட்கிழமை விடியலில் ஆவுடைத்தங்கத்துக்குத் திறக்கவில்லை.

அவள் தலைமைச் சமையல்காரி. வழக்கம்போல முதல் ஆளாக வந்து உள்ளங்கையைக் கதவுப் பலகையில் வைத்தாள். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அதற்குள் மற்ற பெண்களும் வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கி மிகவும் மரியாதையாகப் பேசியது.

"வணக்கம் ஆவுடைத்தங்கம். உங்கள் சிறுநீர் மாதிரி தொடர்ந்து மாசுபட்டு வருகிறது. உடல் சுத்தம் குறித்த பயிற்சியை முடிக்கும்வரை உணவுப் பகுதிக்குள் உங்களுக்கு அனுமதி இல்லை."

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி அரை அடி தள்ளி நின்றுகொண்டாள். அது ஆவுடைத்தங்கத்தின் கண்ணில் பட்டது.

சமையற்கூடத்தின் மேற்பார்வையாளர் அருளானந்தம் வந்து அவளைத் தனியாக அழைத்துப்போனார். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர், கறார்ப் பேர்வழி. ஆனால் அன்றைக்கு அவராலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

"என் கையில ஒண்ணும் இல்லக்கா. பிள்ளைங்க சாப்பாடு. நாடி வேணாம்னு சொன்னா நான் வேணும்னு சொல்ல முடியாது."

"நான் ரெண்டு வேளை குளிக்கிறவ, தம்பி."

"எனக்குத் தெரியாதா? பயிற்சிய முடிச்சிட்டு வந்துருங்க."

நாடி என்ற அந்த ஏற்பாடு வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும், பள்ளி, அலுவலகம், பேருந்து நிலையம் எங்கும், பீங்கான் கோப்பைக்குள் ஒரு சின்னக் கண் வைத்துவிட்டார்கள். போகிற சிறுநீரைப் பார்க்கும், அளக்கும், அதில் உள்ள கிருமியை எண்ணும். நோய் இருந்தால் நோயாளிக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். தெருமுனை மருந்துப் பெட்டியில் நம் பெயருக்கு மாத்திரை தயாராக இருக்கும். பெரிய வியாதி என்றால் மருத்துவமனைக்குத் தகவல் போகும். அங்கே டாக்டர்கள் நாடி எழுதியதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு, சொன்ன வைத்தியத்தைச் செய்வார்கள். ஜனங்கள் அதை வெறும் இயந்திரமாக நினைக்கவில்லை. ஆவுடைத்தங்கத்தின் கணவர் சண்முகையாவுக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது அதுதான். அவர் உயிரோடு இருப்பதே அதனால்தான் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட நாடி பொய் சொல்லுமா? அந்தக் கேள்விதான் அவளைப் படுத்தியது. அது பொய் சொல்லாது என்றால் அசிங்கம் தன்னிடம்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி, நகராட்சிக் கூடம் ஒன்றில் நடந்தது. அவள் மகள் வயதுள்ள ஒரு பெண் திரையில் படம் போட்டு, முன்னிருந்து பின்னாகக் கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டவள், பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அப்படியே செய்தாள். வெந்நீர் வைத்தாள், வேப்பிலை போட்டாள், தோல் எரிய எரியக் கழுவினாள். மறுவாரமும் சிவப்புதான் எரிந்தது.

உடம்பு கெட்டு வெகு நாளாகியிருந்தது. எரிச்சல் வரும், அடிவயிறு பிடிக்கும், காய்ச்சல் அடிக்கும். மருந்துப் பெட்டி மாத்திரை கொடுக்கும். சாப்பிட்டால் அடங்கும். பத்து நாளில் திரும்ப வரும். எரிச்சல்கூடப் பெரிதில்லை, நாற்றம்தான் அவளைக் கொன்றது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டுச் சாமி விளக்கைக்கூட, "எனக்கு முட்டு வலி, நீங்க ஏத்துங்க" என்று சண்முகையாவிடம் விட்டுவிட்டாள். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

சண்முகையா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தன் பாயையும் எடுத்துவந்து கூடத்தில், அவளுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"எதுக்கு இங்க வாரீங்க? உள்ள ஃபேன் இருக்குல்ல."

"இங்க காத்து நல்லா வருது" என்றார். கூடத்தில் ஜன்னலே கிடையாது.

புரட்டாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பல் கிட்டித்தது, இரண்டு கம்பளி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. நாடி அப்போதும் 'மாதிரி மாசு' என்றது. சண்முகையா அதைப் பொருட்படுத்தவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அன்று பணியில் இருந்த அறுவை சிகிச்சை மருத்துவரின் பெயர் ஷமீமா. மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஊசி மருந்து ஏற்றி, நடுக்கம் அடங்கியதும், திரையில் ஆவுடைத்தங்கத்தின் பழைய முடிவுகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'மாதிரி மாசுபட்டது. கணக்கில் எடுக்கவில்லை.' கணக்கில் எடுக்காத மாதிரிகளில் என்ன இருந்தது என்பதைச் சாதாரணமாக யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஷமீமா பார்த்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நாடி உங்ககிட்ட கேள்வியெல்லாம் கேக்கும்ல?"

"கேக்கும் டாக்டரம்மா. எரிச்சல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, வலி இருக்கா. எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்கேன்."

"அது கேக்காதது ஏதாவது இருக்கா?"

ஆவுடைத்தங்கம் கணவரைப் பார்த்தாள். சண்முகையா எழுந்தார். "டீ வாங்கிட்டு வாரேன்" என்று வெளியே போனார்.

அவள் சுவரில் இருந்த நாடிக் கருவியைக் காட்டினாள். "நான் சொன்னா இது எழுதிக்கிடுமா? அந்தச் சமையக்கட்டுக் கதவுக்கும் போயிருமா?"

ஷமீமா எழுந்துபோய்க் கருவியை அணைத்தார். "ஏன் அணைச்சேன்னு என்னைக் கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க சொல்லுங்க."

"காத்து வருது."

"எங்க?"

"முன்னால. ஒண்ணுக்குப் போகும்போது." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள். "சோடா பாட்டிலத் தொறந்த மாதிரி, புசுபுசுன்னு நுரையோட வரும். சத்தம்கூடக் கேக்கும். சில நாள் கலங்கலா, துணுக்குத் துணுக்கா... அத என் வாயால எப்படிச் சொல்ல? பின்னால போக வேண்டியதுதான் முன்னால போகுதுன்னு நெனைச்சேன். அப்படி யாருக்காவது வருமா? பைத்தியம்னு நெனைப்பாங்க. நான் ஒழுங்காக் கழுவலைன்னுதான் சொல்லுவாங்க. அதான் ஏற்கெனவே சொல்லிட்டாங்களே."

"எவ்வளவு நாளா?"

"போன பொங்கலுக்கு முன்னால இருந்து."

"கர்ப்பப்பை எடுத்திருக்காங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு வயசுல எடுத்தாங்க. பெரும்பாடு, ரத்தப்போக்கு நிக்கவே இல்லைன்னு. அந்த நர்சிங் ஹோமெல்லாம் மூடி எவ்வளவோ வருஷம் ஆச்சு."

ஷமீமா நெற்றியைத் தடவிக்கொண்டார். "நாடியோட கணக்குல அது இன்னும் உங்க வயித்துக்குள்ளதான் இருக்கு."

சண்முகையா டீயோடு வந்து வாசலில் தயங்கினார். ஆவுடைத்தங்கம் அவரை உள்ளே வரச்சொன்னாள். ஒருதரம் சொல்லிவிட்டபிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"ரெண்டு பேரும் கேளுங்க" என்றார் ஷமீமா. "நம்ம குடலும் மூத்திரப்பையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. பொம்பளைங்களுக்கு நடுவுல கர்ப்பப்பை இருக்கும். அத எடுத்துட்டா ரெண்டும் ஒட்டிக்கிடும். சில பேருக்கு வயசானப்புறம் குடல் சுவர் அங்கங்க பிதுங்கிச் சின்னச் சின்னப் பையா ஆகும். அதுல ஒண்ணு சீழ் பிடிச்சு உடைஞ்சா, மூத்திரப்பையிலயும் ஓட்டை விழுந்து, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாதை உண்டாகிரும். அபூர்வமா வரும். வந்தா குடல்ல இருக்கற காத்தும் கழிவும் அந்த வழியா மூத்திரத்துக்கு வந்துரும்."

"அப்ப நாடிக்கு அது ஏன் தெரியல?" என்றார் சண்முகையா.

"தெரிஞ்சிருக்கு. அதான் கொடுமை. குடல்ல வாழற கிருமி பல ஜாதி ஒரே மாதிரியில இருந்தா, ஆள் சரியாக் கழுவலைன்னு எடுத்துக்கிட்டு அத ஒதுக்கிரணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பேருக்கு அது சரிதான். நுரை வந்தா கண்ணுல ஏதோ கோளாறுன்னு அதையும் அழிச்சிரும். உங்க வீட்டம்மாகிட்ட இருந்து வந்த ஒவ்வொரு சேதியையும் அது கேட்டுட்டு ஒவ்வொண்ணா அழிச்சிருக்கு."

"உறுதியாத் தெரியுமா டாக்டரம்மா?"

"எனக்குத் தெரியும். காட்டணும். அதுக்கு ஸ்கேன் வேணும்."

ஸ்கேனுக்கு நாடியின் ஒப்புதல் வேண்டும். ஷமீமா கருவியைப் போட்டு விவரங்களைக் கொடுத்தார். பதில் உடனே வந்தது. சாத்தியம் மிகக் குறைவு. மாதிரிகள் மாசுபட்டிருப்பதால் ஆதாரம் போதாது. ஷமீமா திரையை விட்டுத் திரும்பினார். "வீட்டுல கசகசா இருக்கா?" என்று கேட்டார்.

ஆவுடைத்தங்கத்துக்குப் புரியவில்லை. "இருக்கு. எதுக்கு? குருமாவுக்கா?"

"சாப்பிடறதுக்குத்தான். ஒரு கைப்பிடி. ஸ்கேன் எல்லாம் பரவறதுக்கு முன்னால டாக்டருங்க இப்படித்தான் பாத்திருக்காங்க. கசகசா செரிக்காம குடல் வழியா அப்படியே வரும். அது பின்னால வந்தா ஒண்ணுமில்ல. முன்னால வந்தா, நடுவுல பாதை இருக்குன்னு அர்த்தம். வேற எந்த வழியிலயும் அது அங்க போக முடியாது. ஆனா அரைக்கக் கூடாது."

"அரைக்காத கசகசாவுல என்ன ருசி இருக்கும்?"

"ருசிக்கு இல்லம்மா."

"எதுன்னாலும் வாயில வைக்கிற மாதிரி இருக்கணும்ல?" என்றாள் ஆவுடைத்தங்கம். அத்தனை மாதத்தில் அவள் குரலில் பழைய அதிகாரம் எட்டிப்பார்த்தது அப்போதுதான்.

கட்டிலில் படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல, சண்முகையா வீட்டுக்குப் போய்ச் செய்து எடுத்துவந்தார். கசகசாவை லேசாக வறுத்து, வெல்லப்பாகில் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு. பாகு முறுகிப்போயிருந்தது. அவள் ஒரு வாய் எடுத்துவைத்து, "அடுப்பக் குறைக்கச் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் சிறுநீர் போன ஒவ்வொரு முறையும் செவிலியர் ஒருவர் கூடவே இருந்தார். அவரே கழுவிவிட்டு, அவரே புதுப் பாத்திரத்தில் பிடித்தார். பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்பதற்காக ஷமீமா செய்த ஏற்பாடு அது. ஆவுடைத்தங்கம் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் ஒன்றும் இல்லை. மத்தியானமும் இல்லை. 'நான்தான் அழுக்குப்பட்டவ போல' என்ற எண்ணம் மறுபடியும் தலைதூக்கியது. சாயங்காலம் டாக்டரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்திரிச்சு உக்காருங்க. பாருங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். அடியில் மணல் மாதிரி, வெள்ளையும் மங்கலுமாகச் சின்னச் சின்ன மணிகள். எத்தனையோ வருஷம் கையால் அள்ளிக் கல் பார்த்துப் புடைத்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப நான் சுத்தமாத்தான் இருந்திருக்கேன்."

"எப்பவுமே சுத்தமாத்தான் இருந்திருக்கீங்க."

சண்முகையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஷமீமா அந்த மாதிரியை நாடியிடம் கொடுத்தார். நாடி பார்த்துவிட்டு, 'வெளிப்பொருள் கலந்துள்ளது. நிராகரிக்கப்பட்டது' என்றது. அவர் அதை எதிர்பார்த்திருந்தார். நாடியின் முடிவை மருத்துவர் மறுக்க ஒரு வழி இருந்தது. அதை அதிகம் பேர் தொடுவதில்லை. மறுத்தது தப்பாகப் போனால் அறுவை அரங்கை விட்டு எடுத்து அலுவலக வேலையில் உட்காரவைத்துவிடுவார்கள். ஷமீமா மறுத்தார். அரை மணி நேரத்தில் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

"கருவிய அணைச்சிருக்கீங்க. இப்ப மறுப்பு வேற. கசகசாவ நம்பியா?"

"நோயாளிய நம்பி, சார். கசகசா சாட்சி."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா?"

"அப்ப நான் உங்க ஆஃபீஸுக்கு வந்து உக்காந்துக்கிடுதேன்."

ஸ்கேன் படத்தில் மூத்திரப்பையின் மேல்புறம் கறுப்பாக ஒரு காற்றுக் குமிழ் நின்றது. யாரும் குழாய் வைக்காத பைக்குள் காற்று வர வழியில்லை. இடது பக்கம் வீங்கித் தடித்த குடலிலிருந்து அதை நோக்கி ஒரு மெல்லிய கோடு. துறைத் தலைவர் படத்தைத் தானே வந்து பார்த்தார். "அறுவைய எப்ப வைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அறுவைக்கு முன்னால் ஆவுடைத்தங்கத்துக்கு ஒரே பயம்தான். "புத்துநோயா இருக்குமோ?"

"இருக்கலாம். வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் ஷமீமா. பொய்யாகத் தேற்றவில்லை. "ஆனா எதுவா இருந்தாலும் இனிமே அது பேர் இல்லாதது இல்ல. பேர் தெரிஞ்சா எதுத்து நிக்கலாம்."

கெட்டுப்போன குடல் துண்டை எடுத்துவிட்டு நல்ல பகுதிகளைச் சேர்த்துத் தைத்தார்கள். மூத்திரப்பையின் ஓட்டையை மூடினார்கள். எடுத்த துண்டைப் பரிசோதித்துப் பார்த்ததில் புற்று இல்லை. பழைய சீழ்க்கட்டிதான். மூத்திரப்பை ஆறும்வரை சிறுநீர்க் குழாய் இருக்கட்டும் என்றார்கள். குழாயின் முனையில் தொங்கிய பையில், பொங்கலுக்கு முன்னால் பார்த்ததற்கு அப்புறம் முதல்முறையாக, சிறுநீர் தெளிவாக இறங்கியது. சண்முகையா குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார். "இளநி மாதிரி இருக்கு" என்றார். அவள் சிரிக்கப்போய்த் தையல் வலித்து, "போங்க அந்தப் பக்கம்" என்றாள்.

ஷமீமா அத்தோடு விடவில்லை. மாவட்டம் முழுவதும் திரும்பத் திரும்ப 'மாசு' என்று ஒதுக்கப்பட்டவர்களை ஒரு மனிதர் நேரில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று மேலே எழுதினார். இந்தத் தடவை துறைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். முதலில் மறுத்தார்கள், பிறகு மூன்று மாதம் சோதனையாகச் செய்துபார்க்கச் சம்மதித்தார்கள். விசாரித்ததில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை. பிரசவத்தில் கிழிந்து சரியாக ஆறாத பெண்கள் சிலர் இருந்தார்கள். வருஷக்கணக்காகச் சொல்லாமல் சுமந்தவர்கள். அவர்களுக்கும் வைத்தியம் தொடங்கியது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

அறுவை முடிந்த அடுத்த வாரம் அருளானந்தம் பார்க்க வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும். ஆளே பாதியாக இளைத்திருந்தார்.

"உங்க பேரைச் சரி பண்ணிட்டாங்கக்கா. கதவு தொறக்கும். நீங்க எப்ப வந்தாலும் சரி."

"சரி தம்பி."

சமையற்கூடத்தைப் பற்றிச் சொன்னார், மழை பெய்யாததைப் பற்றிச் சொன்னார். போகிறேன் என்று எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். சண்முகையா வெந்நீர் பிடிக்க ஃபிளாஸ்க்கோடு வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, அந்த டாக்டரம்மாகிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு இங்க பேசிக்கிட்டாங்களே. நெசமா?"

ஆவுடைத்தங்கம் அவரை உற்றுப் பார்த்தாள். "யாருக்குக் கேக்கிய?"

அவர் ஆப்பிள் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்கு ரத்தம் போகுதுக்கா. பின்னால. மூணு மாசம் இருக்கும். உங்களுக்குக் கதவு தொறக்காமப் போச்சே, அதுக்குக் கொஞ்சம் முன்னால தொடங்கிச்சு. அன்னிக்கு அந்தச் சத்தத்தக் கேட்டதுல இருந்து நான் வீட்டுக் கழிப்பறைக்கே போகல. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருவக்காட்டுக்குப் போயிட்டு இருக்கேன். வீட்டுல வாக்கிங்னு சொல்லி வச்சிருக்கேன். உங்கள நிறுத்தின வாசல்ல என்னையும் எல்லாரும் பாக்க நிறுத்திருவாங்களேன்னு..."

அவளுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு இந்த மனுஷன் ஒரு வார்த்தை ஆதரவாகச் சொல்லியிருந்தால் என்ன என்று வந்தது. அரை அடி தள்ளி நின்றவளின் முகமும் நினைவுக்கு வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரின் கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. கருவேலங்காட்டில் தனியாக உட்கார்ந்து, வந்ததைப் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடியிருப்பார். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. வேறு யாரைவிடவும் நன்றாக முடிந்தது.

அவள் மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கினாள்.

"என்னக்கா, எதுக்கு எந்திரிக்கிய?"

"நடந்து பழகணும்னு சொல்லியிருக்காங்க. வாங்க. டாக்டரம்மா ரூம் அந்தக் கடைசியில இருக்கு."

குழாய்ப் பையை மறைக்க ஒரு துணியுறை கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் கட்டிலிலேயே விட்டாள். பையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீளமான தாழ்வாரத்தில், ஆட்கள் பார்க்கப் பார்க்க நடந்தாள். அருளானந்தம் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

கதவுக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"எப்படி ஆரம்பிக்க?"

"ரத்தம் போகுதுன்னு ஆரம்பிங்க. மத்தத அவங்க கேப்பாங்க."

அவர் உள்ளே போனார். ஆவுடைத்தங்கம் வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வெந்நீரோடு அவளைத் தேடிவந்த சண்முகையாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அருளானந்தத்தின் குடலில் இருந்தது ஒரு கட்டி என்றும், இன்னும் சுவரைத் தாண்டவில்லை என்றும், எடுத்துவிட்டால் போதும் என்றும் தெரியவர அதற்கப்புறம் பத்து நாள் ஆயிற்று. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அருளானந்தத்தின் கண் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா."

"சாப்ட்டீங்களா?"

"காலையில இருந்து ஒண்ணும் இறங்கல."

அவள் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள். சண்முகையாவைப் பார்த்து, "கேன்டீன்ல இட்லி இருக்கும், சூடா இருந்தா மட்டும் வாங்குங்க" என்றாள்.